அச்சிறுபாக்கத்தில் உடைத்த தேங்காய்

படூரில் எங்கள் எதிர்வீட்டுப் பையன் போன வாரம் புதுக் கார் வாங்கினான். "உக்காந்து பாருங்க ஆன்ட்டி" என்றான். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் உரிக்கவில்லை. அந்த வாசனையும் சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சை வாசனையும் சேர்ந்து வந்ததும் எனக்குப் பழைய வேன் ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஒரு வார்த்தை வாழ்த்தாமல் இறங்கிவிட்டேன். பாவம், ஆன்ட்டிக்குப் பொறாமை என்று நினைத்திருப்பான்.

தொண்ணூறுகளில் நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம். திருச்சியில் அம்மாவின் அக்காவுக்கு, அதாவது என் பெரியம்மாவுக்கு, நாள் தாங்காது என்று பக்கத்து வீட்டுப் போனில் தகவல் வந்தது. மறுநாள் விடியும்போதே அம்மா பையோடு பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றாள். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, விடவில்லை. நிலத்தை விற்று வாங்கிய புது வெள்ளை வேன் அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"நம்ம வண்டி கீது. பஸ்ஸுல போனா ஊரு இன்னா பேசும்?"

எனக்கும் சந்தோஷம்தான். காலேஜில் படிக்கிற பெண்ணுக்கு ஜன்னலோர சீட் போதாதா? துப்பட்டாவைப் பறக்கவிட்டுக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்தேன்.

அச்சிறுபாக்கம் வந்தது. சாமியின் தேருக்கே அச்சு முறிந்த ஊர் என்பார்கள். தெற்கே போகிற புது வண்டி அந்தக் கோயிலில் தேங்காய் உடைக்காமல் தாண்டக் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கு முகூர்த்த நாள். குருக்கள் ஏதோ கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தார்.

"நாமளே ஒடச்சிட்டு போயிர்லாமே அண்ணா" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"வழியில அச்சு முறிஞ்சா நீ பதில் சொல்லுவியா? அவரு வரட்டும்."

அப்பா கோயில் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். பெரியப்பா நிதானமாகக் காலை நாஸ்தாவை முடித்தார். அம்மா வேனை விட்டு இறங்கவே இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். திருச்சி பஸ்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் குருக்கள் வந்தார். தேங்காய் சரிபாதியாக உடைந்ததில் பெரியப்பாவுக்கு ஒரே பூரிப்பு.

காவிரிப் பாலம் ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஆற்றில் காசு போட வேண்டும் என்று வேனை ஓட்டிய பெரியப்பா வேகத்தைக் குறைத்தார்.

"வண்டிய நிறுத்தாதீங்க மாமா." அச்சிறுபாக்கத்திலிருந்து அம்மா பேசியது அது ஒன்றுதான்.

தெருமுனையிலேயே சாவு மேளச் சத்தம் கேட்டது. பெரியம்மாவின் மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"மத்தியானம் வரைக்கும் நெனவு இருந்துச்சு சித்தி. தங்கச்சி வந்துட்டாளான்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

பெரியப்பா, "எல்லாம் விதி" என்றார். அந்த வார்த்தையை யார் சொன்னாலும் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

நால்வழிச் சாலை வந்த பிறகு அவர் இன்னொரு புது வேன் வாங்கினார். திருச்சிக்குப் போய்வந்து, கோயில் பிரசாதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அச்சிறுபாக்கத்தில் தேங்காய் உடைத்தீர்களா என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"பைபாஸ்ல போயிட்டோம்மா. ஊருக்குள்ள எவன் போறான் இப்ப?"

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. காபி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் அந்தக் காபியை அவர் சட்டையில் கொட்ட வேண்டும்போல் இருந்தது.

அந்த வெள்ளை வேன் காயலான் கடைக்குப் போயாயிற்று. பெரியப்பா இல்லை, அம்மாவும் இல்லை. இப்போது விடியற்காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திருச்சியில் இருக்கலாம். வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் அங்கே யாரும் இல்லை.