பன்னிரண்டாவது சால்வியா

2024 ஒக்டோபர் 19, சனிக்கிழமை. காலை ஆறரைக்கு எழுந்து, பின்கதவுக்கு வெளியே மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்த்தேன். ஏழு டிகிரி. கொப்பியில் குறித்தேன். பிறகு தேநீர். விடுமுறை நாளிலும் இந்த ஒழுங்கு மாறுவதில்லை. மெல்பேர்னில் ஒக்டோபரை நம்பி இளஞ்செடி எதையும் வெளியே விட முடியாது.

சால்வியாப் பூச்செடி நாற்றுகள் பன்னிரண்டு. ஓகஸ்ட் கடைசியில், துணி துவைக்கும் அறையின் ஜன்னலோரம் விதைத்தவை. விதையை மண்ணால் மூடக்கூடாது. மேலே தூவி மெல்ல அழுத்தினால் போதும், வெளிச்சத்தில்தான் முளைக்கும். தண்ணீரையும் தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிட்டேன். மேலிருந்து ஊற்றியதில் போன வருடம் ஒன்பது நாற்றுகள் மண்மட்டத்தில் அழுகிச் சாய்ந்தன. நாற்றுகள் ஜன்னல் பக்கம் வளையாதிருக்க ஒவ்வொரு காலையும் தட்டை அரைவட்டம் திருப்பி வைப்பேன். அன்றும் வைத்தேன்.

அன்றைய வேலை நுனி கிள்ளுவது. மூன்று சோடி இலை வந்ததும் நடுக்குருத்தை எடுத்துவிட்டால் செடி இரு பக்கமும் கிளைக்கும். எடுக்காவிட்டால் ஒற்றைத் தண்டாக நெடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் தொடக்கூடாது என்று மனைவி முந்தின நாளே சொல்லியிருந்தாள். அதில் அவசரப்பட்டு ஒரு சிவப்பு மொட்டுக்கதிர் வந்திருந்தது. எங்களோடு இருக்கும் அவளுடைய தம்பி, படகில் வந்து பதினொரு வருடமாகத் தற்காலிக விசாவில் இருக்கிறான். அவனுடைய மனைவியும் மகளும் வவுனியாவில். விட்டு வந்தபோது மகளுக்கு இரண்டு வயது. நிரந்தர விசாவுக்கான முடிவு இந்த மாதம் வரலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். செடியின் முதல் பூவைக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கொண்டுபோவதாக மனைவி நேர்ந்திருந்தாள். "முன்வரிசை, இடது மூலை: கிள்ள வேண்டாம்" என்று நான் அன்றிரவே கொப்பியில் எழுதி வைத்திருந்தேன்.

பத்து மணிக்குச் சிறிய கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன்வரிசை இடது மூலையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கிள்ளினேன். கிண்ணத்தில் விழுந்த நுனிகளை எண்ணும்போதுதான் ஒன்றில் சிவப்பைக் கண்டேன்.

குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் போய்ச் சொன்னேன். "இஞ்சரும், ஒரு பிழை நடந்திட்டுது. நீர் விடச் சொன்னதையும் கிள்ளிப்போட்டன்."

கத்தி நின்றது. "கொப்பியில எழுதி வச்சனீங்கள்தானே?"

"ஓம். இடது மூலை எண்டு எழுதினனான். காலமை தட்டைத் திருப்பினதை மறந்திட்டன்."

"கொப்பியைப் பாத்து வெட்டியிருக்கிறீங்கள். செடியைப் பாக்கேல்ல."

இரவு வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மைத்துனன் தலையை நிமிர்த்தினான். "விடுங்கோக்கா. அத்தான் இமிகிரேஷனில வேலை செய்யாதது நல்ல காலம். ஒரு ஃபைலும் தப்பியிராது."

"உனக்கு எல்லாம் பகிடி," என்றாள். அவள் சிரிக்கவில்லை. அவனும் பிறகு தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டான்.

அவள் கை கழுவிவிட்டு வந்து, கிண்ணத்திலிருந்து அந்தச் சிவப்பு நுனியை எடுத்து, ஒரு சின்னத் தம்ளரில் தண்ணீர் விட்டுச் சாமியறையில் வைத்தாள். "விரிஞ்சால் கொண்டு போவம்," என்றாள்.

கிள்ளிய கதிர் தண்ணீரில் விரிவது நிச்சயமில்லை. விரியவும் கூடும், தண்ணீர் பழுதாகாமல் இருந்தால்.

பின்னேரம் நாலு மணிக்கு, தவறுதலாகத் தப்பிய மூலைச் செடியைக் கிள்ளக் கத்தரிக்கோலை எடுத்தேன். அதன் நுனியில் மொட்டு ஏதும் இல்லை. தம்ளரில் இருப்பது விரியாவிட்டால் இதிலாவது பூ முந்தி வரட்டும் என்று கிள்ளாமலே விட்டுவிட்டேன். கொப்பியில் "கிள்ளியவை பதினொன்று. ஒன்று பிழை" என்று எழுதினேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு, வெப்பமானியைப் பார்க்குமுன், சாமியறைக்குப் போய்த் தம்ளரின் தண்ணீரை மாற்றினேன்.