குடைக்குக் கீழே கொத்துக்கறி

பூனா கேம்ப்பில் கறி விலை இறங்கியதற்கு என்னுடைய இந்திதான் காரணம் என்று நான் நம்பினேன். சிரிக்க வேண்டாம், கதையைக் கேளுங்கள். அதுவரை என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காத கசாப்புக்கடை பாய், அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் என் சைக்கிளைத் தூரத்தில் கண்டதுமே எழுந்து நின்று "ஆயியே சாகேப்" என்றார். வழக்கமான விலையை அவராகவே குறைத்தார். பழக்கதோஷத்தில் நான் பேரம் பேச, இன்னும் குறைத்தார். இங்கே கீமா என்று சொல்லுகிற கொத்துக்கறியை எடை போட்ட பிறகு, மேலே ஒரு கை அள்ளியும் போட்டார். கடையில் வேறு ஈ காக்கை இல்லை. என்னைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே கூட்டத்தை விரட்டிவிட்டாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆண்பால் பெண்பால் தெரியாமல் ஒன்பது மாதமாக நான் பேசி வந்த இந்தி கடைசியில் பலன் கொடுத்துவிட்டது என்று பூரித்துப் போய், தூறலில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் சைக்கிளுமாக வீடு திரும்பினேன். இது நடந்தது ஐம்பத்தெட்டாம் வருஷம். இன்று நினைத்தாலும் அந்த மடையனை ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

வீடு என்று சொன்னேனே, அது கிடைத்த கதை தனி வயிற்றெரிச்சல். இங்கே ராணுவக் கிடங்கில் குமாஸ்தா வேலைக்கு வந்த புதிதில், பேட்டை பேட்டையாக அறை தேடி அலைந்தேன். கதவைத் திறக்கிறவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். மதராஸியா என்று கேட்டதும் முகம் மலரும். மதராஸி என்றால் இட்லி, தயிர்ச்சாதம், நெற்றி நிறைய விபூதி, அவ்வளவுதான் அவர்கள் அகராதியில். "மாமிசம் உண்டா?" என்று அடுத்த கேள்வி வரும். அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டில் பிறந்தவன் போல நானும் "உண்டு" என்பேன். திறந்த கதவு மூக்கைத் தட்டுகிற மாதிரி மூடும். வாடகை கொடுப்பவன் நான், வயிறு என்னுடையது, அதற்குள் என்ன போகிறது என்று பார்க்க இவர்களுக்கு எதற்கு அதிகாரம்? திருமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலசாமி கிடா வெட்டாமல் முகம் கொடுத்துப் பேசாது. நான் என்ன பொய்யா சொல்ல முடியும்? பொய் சொல்லியிருந்தால் சீக்கிரம் வீடு கிடைத்திருக்கும் என்பது வேறு விஷயம்.

கடைசியில் கேம்ப்பை ஒட்டிய சந்தில், வாடா என்று இங்கே சொல்லுகிற, நடுமுற்றமும் மரப்படியுமான ஒரு பழைய வீட்டில் மாடி அறை கிடைத்தது. கீழே குடியிருந்த வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற மராட்டியர். எல்லோருக்கும் அவர் சுபேதார் சாகேப், அவர் மனைவி வஹினி, அதாவது அண்ணி. நான் அறை பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை முற்றம் முழுக்க ஆட்டுக்கறி மசாலா மணந்தது. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே முன்பணத்தை நீட்டிவிட்டேன். கறி தின்கிற வீட்டில் கறிக்குத் தடை ஏது? என்னுடைய இரண்டாவது முட்டாள்தனமான நம்பிக்கை இது.

ஆடி அமாவாசை வந்தது. அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு, ஒருவேளைச் சோறோடு விரதம் இருந்தேன். கீழே பார்த்தால் திருவிழா. அண்டா அண்டாவாகக் கறி வேகிறது, சுபேதார் சாகேப் கண் சிவந்து பாட்டுப் பாடுகிறார். வாடாவே இனி உலகத்தில் ஆடே பிறக்காது என்பது போல வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தது. வஹினி ஒரு கிண்ணம் நிறையக் கறியோடு மாடிக்கு வந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, "நஹீ வஹினி, நஹீ" என்றேன். அவ்வளவுதான். மறுநாள் முதல் வாடா முழுக்க எனக்குப் பெயர் 'பண்டித்ஜி'. கறியைக் கண்டு கும்பிட்ட மதராஸி வேறு யாராக இருக்க முடியும்? மறுக்கலாம் என்று வாயைத் திறந்தேன், இந்தி வரவில்லை. பதவி தானாக வந்தால் இப்படித்தான் ஆள் ஊமையாகிவிடுகிறான்.

அதற்கு மறுநாள்தான் என் மனைவி கமலா ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கினாள். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து, அறை கிடைத்துவிட்டது என்று நான் தந்தி கொடுத்த பிறகு வந்தவள். இந்த அறை போனால் அவளைத் திரும்பவும் ரயிலேற்ற வேண்டியதுதான், வேறு போக்கிடம் கிடையாது. வந்த நாளிலிருந்து அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் பேசுவார்கள், இவள் பாஷை புரியாமல் குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பம்ப் அடுப்பு போடுகிற இரைச்சலைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவாள். ஆகவே சமையல் நான். அந்தத் திங்கட்கிழமை அவளைக் குஷிப்படுத்தத்தான், தனிக்கட்டையாக இருந்த காலத்தில் நான் கைதேர்ந்த ஒரே பதார்த்தத்தைச் செய்யத் துணிந்தேன்.

செலவு குறைவு, நேரமும் குறைவு. முதல்நாள் ராத்திரியே தட்டைப்பயறை ஊறப்போட்டு, காலையில் மூடியிட்ட சட்டியில் வேகவைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தேன். இரண்டு பேருக்கான கறியை நாலு பேருக்கானது போலக் காட்டுகிற மந்திரம் அந்தப் பயறுதான். எண்ணெய் காய்ந்ததும் வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, வெங்காயம், பூண்டு, தக்காளியைச் சுருள வதக்க வேண்டும். கொத்துக்கறியைக் கொட்டிக் கிளறினால் அதுவே தண்ணீர் விட்டு அதுவே வற்றும். பிறகு பயறு, உப்பு, இன்னும் கொஞ்சம் மிளகாய்த்தூள். அரிசி ரேஷனில் அளந்து கிடைத்த பூனாவில் இதற்குத் துணை பாவ் ரொட்டிதான். நடுநடுவே உப்பு பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் பார்த்தேன். நல்ல சமையல்காரன் சந்தேகப் பிராணியாக இருக்க வேண்டும்.

வாசலில் நின்ற கமலா மெதுவாகச் சொன்னாள். "என்னங்க, கீழ் வீட்டம்மா காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்காக."

"உடம்பு சரியில்லையா இருக்கும்."

"ஐயா, பிள்ளைங்க, எல்லாருந்தான். கோயிலுக்குப் போயி வில்வம் வாங்கியாந்தாக. நான் வந்ததுலேருந்து இந்த வீட்ல ஒரு நாளாச்சும் கறி வாசன வந்துச்சா? நீங்கதான் தெனமும் மணக்கும்னு எழுதியிருந்தீக."

கரண்டி அப்படியே நின்றது. அமாவாசைக் கூத்து கண்முன்னால் வந்தது. இனி ஆடே பிறக்காது என்று தின்றார்களே, மறுநாள் முதல் நிறுத்தப் போகிறவர்களின் தீனியல்லவா அது! ஈ காக்கை இல்லாத கசாப்புக்கடை, தானாக இறங்கிய விலை, கூட விழுந்த ஒரு கை கறி எல்லாம் வரிசையாக வந்து என் மண்டையில் குட்டின. இவர்களுடைய சிராவண மாதம் பிறந்துவிட்டது. மாதம் முழுக்கக் கறி கிடையாது. அதில் திங்கட்கிழமை பகல் முழுக்கப் பட்டினி. நம் ஊரில் புரட்டாசிக்கு உள்ள மரியாதை இங்கே இந்த மாதத்துக்கு. நானோ வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்து, பட்டினி கிடக்கிற ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் மிளகாயும் கறியும் தாளித்துக்கொண்டிருந்தேன்.

மரப்படி கிறீச்சிட்டது.

"வந்துட்டாக," என்றாள் கமலா.

பயந்தவனுக்கு வருகிற யோசனையைப் பாருங்கள். அடுப்பை அணைத்தேன். சட்டியைத் துணியால் பிடித்து அறை நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். கட்டிலுக்கடியில் இடமில்லை. தகரப்பெட்டியைத் திறக்கப் போனேன்.

"அதுல என் முகூர்த்தப் பட்டு இருக்கு! கைய ஒடிச்சுப்புடுவேன்!"

மூலையில் ஈரம் காய்வதற்காக என் குடை விரிந்து கிடந்தது. சட்டியைக் குடைக்குக் கீழே தள்ளிவிட்டு, ஒன்றும் அறியாதவன் போலக் கதவைத் திறந்தேன். வஹினி நின்றார். கையில் குங்குமத் தட்டு. குடையின் விளிம்பைச் சுற்றி ஆவி எழும்பியது, பற்றி எரிகிற குடை மாதிரி. எனக்குள் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக வந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் மசாலா வாசனையை முகர்ந்துகொண்டு வெறும் பாவ் தின்றேனே, நான் ஏதாவது சொன்னேனா? ஒரு நாள், ஒரே நாள் நான் சமைத்தால் உடனே படியேறி வந்துவிடுவதா? என் இந்தியையெல்லாம் திரட்டி, நாங்களும் மனிதர்கள்தான், எங்களுக்கும் சாமி உண்டு, நினைத்த மாத்திரத்தில் வீட்டை விட்டு அனுப்ப முடியாது என்று ஒரு பிரசங்கம் செய்தேன்.

வஹினி கேட்டுக்கொண்டே குடையைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

"பண்டித்ஜி, கீமாவா?"

"ஆமாம்."

"நீங்கள் தின்ன மாட்டேன் என்றீர்களே!"

"அன்றைக்குத் தின்ன மாட்டேன் என்றேன்."

"அன்றைக்கா? ஊரே தின்கிற அமாவாசையிலா?"

"அது என் அப்பாவுக்கான நாள், வஹினி. அன்றைக்கு எங்கள் ஊரில் யாரும் கறி தொடமாட்டார்கள்."

வஹினியின் குரலும் உயர்ந்தது. "தின்ன வேண்டிய நாளில் விரதம், விரத நாளில் கீமா! இது என்ன பஞ்சாங்கம்?"

"இதே நிலா, இதே அமாவாசை. நீங்கள்தான் மாற்றி வைத்திருக்கிறீர்கள்!" என்று நானும் கத்தினேன். பாதி இந்தி, பாதி தமிழ். கமலா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

வஹினி ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். விளக்கு வைக்கிற நேரத்தில் விரதம் முடிப்பார்களாம். அப்போது ஒரு சுமங்கலியை, முடிந்தால் புருஷனும் மனைவியுமாக, உட்கார வைத்துச் சாப்பாடு போடுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். புதிதாக வந்த பெண் ஆயிற்றே என்று எங்கள் இருவரையும் அழைக்கத்தான் வந்தாராம்.

கமலாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை.

"இவள் இதைச் சாப்பிட்டாளா?" என்று கேட்டார் வஹினி.

"இல்லை. வாயிலேயே வைக்கவில்லை."

"நீங்கள்?"

"உப்புதான் பார்த்தேன்."

"ஒரு தடவையா?"

நான் குடையைச் சரிசெய்தேன். வஹினி கமலாவைப் பார்த்துத் தலையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி சைகை காட்டினார், குளித்துவிட்டு வா என்று. என் பக்கம் திரும்பி, "நீங்கள் இங்கேயே இருங்கள்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு பத்து வருஷமாக எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு நாள்காட்டிகள் தொங்குகின்றன. கீழ்வீட்டு மரியாதைக்காக சிராவணத்தில் கறி கிடையாது, அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகப் புரட்டாசியிலும் கிடையாது. சுபேதாருக்கு ஒரு மாதம், ஊரில் என் தம்பிக்கு ஒரு மாதம், எனக்கு மட்டும் இரண்டு. புலம்பெயர்ந்தவனுக்கு எல்லாம் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்பார்கள். பட்டினியைச் சொல்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஊருக்குப் போனால் ஆடித் திருவிழாவில் தம்பி என் இலையில் கறியைப் போட்டுவிட்டு, "என்னண்ணே யோசிக்கிற?" என்கிறான். பூனாவில் சிராவணம் பிறந்துவிட்டதா என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பதை அவனிடம் எப்படிச் சொல்ல?

ஆனால் அன்று நடந்தது இதுதான். கமலா மழைக்குளிரில் பச்சைத்தண்ணீரில் குளித்து, அதே முகூர்த்தப் பட்டைக் கட்டிக்கொண்டு கீழே போனாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன், அவளை நடுவில் உட்கார வைத்து, நெய் வழியும் பூரணப் போளி பரிமாறினார்கள். ஏதோ சொல்லி எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். எந்த மொழியில் என்று தெரியவில்லை. "பண்டித், ஜன்னலைச் சாத்தித் தொலை, என் விரதம் தாங்காது!" என்று முற்றத்திலிருந்து சுபேதார் சாகேப் கத்தினார். சாத்தினேன். குடையை நகர்த்தினேன். இரண்டு பேருக்கான கறியை ஒற்றை ஆளாக உட்கார்ந்து தின்றேன். உப்பு சரியாக இருந்தது. காரம்தான் கொஞ்சம் தூக்கல்.