அம்மாவுக்காகப் பார்த்த பின்சீட்டு

இறந்துபோன நைனா புக் செய்திருந்த வண்டியை வேண்டாம் என்று சொல்லத்தான் அம்மாவும் நானும் திருப்பதி பைக் ஷோரூமுக்குப் போனோம். விற்பனையாளர் எங்களைப் பேசவே விடவில்லை.

"இது வாணாமா? ஒக்க நிமிஷம் அண்ணா, பெரிய வண்டி காட்றேன். ஆஃபர் இன்னியோட முடியுது."

"வண்டி கேட்டவரே போய்ட்டாருப்பா," என்றார் அம்மா.

விற்பனையாளர் மெல்லச் சொன்னார்: "வூட்டுக்காரிக்கு முட்டி வலி, சீட்டு தாழ்வா இருக்கணும்னு சொல்லி, என்னையே பின்னால குந்த வச்சுப் பாத்தாரும்மா."

அம்மா போய், நைனா புக் செய்திருந்த அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தார். பிடித்துக்கொள்ள முன்னால் தோள் இல்லாமல் அவர் கை தடுமாறியது.

இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதுவரை தொல்லையாகத் தெரிந்த அந்த மனிதரும் எதையும் விற்காமல், வண்டி சாயாதபடி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.