பொங்கலுக்குக் கொடுத்த தார்ப்பாய்

வளர்ச்சி என்று யாராவது மைக்கில் பேச ஆரம்பித்தால் எனக்கு அழுகின வெங்காய வாடை அடிக்கிறது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வாடை நிஜமாகவே மூக்கில் ஏறுகிறது, கூடவே கோபமும் ஏறுகிறது.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். மாமா இறந்துபோன பிறகு கிணற்றடி நிலத்தில் அவள் தனியாளாகச் சின்ன வெங்காயம் போட்டு வந்தாள். மாசியில் பிடுங்கியதும் நல்ல காயாகப் பொறுக்கி, அடுத்த நடவுக்கு விதையாகப் பட்டறையில் வைப்பாள். பட்டறை என்றால் வயலோரம் கல்லை அடுக்கி, மேலே மூங்கில் பரப்பி, பக்கங்களில் தட்டி கட்டி, கீற்று வேய்ந்த நீளமான கூண்டு. அடியிலும் பக்கத்திலும் காற்று புகுந்து வெளியேற வேண்டும். காற்று இருந்தால் வைகாசி வரைக்கும் வெங்காயம் கெடாது. அது கெட்டால் அடுத்த போகம் கிடையாது.

ஒரு வருடம் அரியலூர்ப் பக்கம் இருக்கும் சிமென்ட் ஆலை புதிதாக ஒரு சுரங்கம் தோண்டியது. சுண்ணாம்புக்கல் லாரிகள் அக்காவின் வயலை ஒட்டிய ரோட்டில் ஓட ஆரம்பித்தன. ஒரு லாரிக்கும் மேலே மூடி கிடையாது. புழுதி வேப்பமரத்தில் படிந்தது, மாட்டின் முதுகில் படிந்தது, சோற்றுப் பானை மூடியில் படிந்தது. அந்தப் பொங்கலுக்குத்தான் ஆலைக்காரர்கள் ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று வீட்டுக்கு ஒரு நீலத் தார்ப்பாய் கொடுத்திருந்தார்கள். நடுவில் ஆலையின் பெயர், எருமை சைஸில்.

பங்குனியில், விதைக்குப் போக மிச்சத்தை வாங்க வந்த வியாபாரி தட்டிக்குள் கைவிட்டு நாலு காயை எடுத்துப் பார்த்தார். "என்னம்மா, பூஞ்சாணம் பூத்த மாதிரி வெள்ளையா இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார். அக்கா என்ன செய்வாள்? பரணிலிருந்து தார்ப்பாயை இறக்கி, பட்டறையைச் சுற்றிப் போர்த்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள். அவள் மட்டுமல்ல, அந்த ரோட்டோரம் பட்டறை போட்டிருந்த எல்லோரும் அப்படித்தான் கட்டினார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் ஊரே ஆலைக்கு விளம்பரம் போட்ட மாதிரி இருந்தது.

சித்திரை வெயிலைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. முன்பெல்லாம் பொழுது சாய்ந்தால் தணியும். இப்போது விடியும் வரை தரை கொதிக்கிறது. சித்திரைக் கடைசியில் நான் போனபோது, பஸ்ஸை விட்டு இறங்கியதுமே நாற்றம் வந்துவிட்டது. தார்ப்பாயை அவிழ்த்தோம். உள்ளே வெங்காயம் வெந்து கூழாகி, மூங்கில் இடுக்கு வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. "காத்துதான் அதுக்கு உசுரு தம்பி. தெரிஞ்சும் நானே மூடிட்டேன்" என்றாள். தப்பைத் தன்மேலேயே போட்டுக்கொண்டாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நான் பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவன். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு ஒருபக்கம், கரியமில வாயு ஒருபக்கம் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப்போடுகிறேன். கல்லைச் சுட நிலக்கரி எரிக்கிறார்கள், அதிலிருந்து வரும் புகை தனி. கல்லே கக்குகிற வாயு தனி. கட்டடம் பெருகினால் சிமென்ட் பெருகும், சிமென்ட் பெருகினால் சூளை எரிவது பெருகும், அப்புறம் வானம் சூடாகாமல் என்ன செய்யும்? இதில் புரியாதது ஒன்றுமில்லை. புரியாத மாதிரி நடிக்கத்தான் ஆலை அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஆனியில் ஆலை விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டார்கள். ஊரில் காலையிலிருந்தே கரண்டு இல்லை. பந்தலில் மட்டும் ஜெனரேட்டர் ஓடியது, மேடையில் இருந்தவர்களுக்கு ஏர்கூலர். ஆலை அதிகாரி படம் போட்டுக் காட்டினார். ஒரு டன் சிமென்ட்டுக்கு வெளியேறும் கரியமில வாயுவைக் குறைத்துவிட்டார்களாம். நான் எழுந்தேன்.

"டன்னுக்குக் குறைச்சீங்க சரி. எத்தனை டன்னு சார்? உற்பத்தியை ரெண்டு மடங்காக்கத்தானே இந்தக் கூட்டமே? மொத்தத்துல கூடுமா, குறையுமா? அதைச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். "சார் குடிசையிலயா இருக்கீங்க? உங்க வூடும் சிமென்ட்லதானே கட்டினது?"

பந்தல் முழுக்கச் சிரித்தது. என் வீடு சிமென்ட்தான், இல்லை என்று எவன் சொன்னான்? கேட்டதற்குப் பதில் அதுவா? அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்து வந்தாள். இடுப்பில் அந்த நீலத் தார்ப்பாயை மடித்து வைத்திருந்தாள். கழுவியும் வாடை போகவில்லை. மேடை ஏறி அதை அதிகாரியின் மேஜைமேல் வைத்தாள்.

"இது லாரி மேல போட வேண்டியதுங்க. தெரியாம எங்ககிட்ட குடுத்துட்டீங்க. நாங்களும் வெங்காயத்து மேல போட்டுட்டோம். எடுத்துக்குங்க."

அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டே நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். பக்கத்திலிருந்தவரிடம், "அம்மா சொன்னதையும் பதிவு பண்ணிக்குங்க" என்றார். பதிவு பண்ணினார்கள். கடைசியில் வாசித்துக் காட்டினார்கள். வெங்காய விவசாயிகள் கூடுதல் தார்ப்பாய் கேட்டதாக அதில் இருந்தது. நான் கத்தினேன். மைக்கை அணைத்துவிட்டார்கள்.

விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. லாரிகள் இன்னும் திறந்தபடிதான் ஓடுகின்றன, முன்னைவிட அதிகமாக. விதை வாங்க வழியில்லாமல் அக்கா மழையை நம்பி மக்காச்சோளம் விதைத்தாள். பட்டறை மூங்கிலைப் பிரித்து விறகாக எரித்துவிட்டாள்.

அடுத்த பொங்கலுக்கு ஆலையிலிருந்து வீட்டுக்கு இரண்டு தார்ப்பாய் வந்தது. முன்னதைவிடப் பெரியது, நல்ல கெட்டி. மூடுவதற்குத்தான் அக்காவிடம் வெங்காயம் இல்லை.