சரசக்காவின் பெயரைச் சொல்லாத சாட்சி

எனக்குச் சாட்சி சொல்ல வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகவே வரும். சபையை அழவைக்கும் அளவுக்கு வரும். அதுதான் எனக்கு வினையாகப் போனது.

அப்போது எண்பதுகளின் கடைசி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைத்துக்கொண்டிருந்தேன். நீளமான மேசை, அதன்மேல் வரிசையாக மெஷின்கள், அடியில் பெல்ட் மாட்டி எல்லாவற்றையும் ஓட்டுகிற ஒரே இரும்புத் தண்டு. பக்கத்து மெஷினில் சரசக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சபைக்கு வருகிறவர் இல்லை; வெள்ளிக்கிழமையானால் மாரியம்மன் கோயில் திருநீறோடுதான் வேலைக்கு வருவார்.

ஒரு மழைக்காலத்துச் சாயங்காலம், கீழே விழுந்த நூல் பாபினை எடுக்கக் குனிந்தேன். என் சடை அந்தத் தண்டில் சிக்கிக்கொண்டது. சுருட்டிச் சுருட்டி இழுத்தது. கழுத்து மேசைக் காலில் முட்டி நின்றது. மூச்சு வரவில்லை. வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை. "இயேசுவே, என் பிள்ளை" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

சரசக்கா மேசைக்கு அடியில் பாய்ந்தார். இடது கையால் சடையை இழுத்துப் பிடித்து, வலது கையால் கத்தரியை ஓட்டினார். சடை அறுந்து நான் விழுந்தேன். யாரோ ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவதற்குள் அவருடைய இரண்டு விரல்கள் பெல்ட்டோடு போய்விட்டன.

இரண்டு வாரம் கழித்துச் சபையில் சாட்சி சொன்னேன். சரசக்காவை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தார். சாட்சியில் மனிதர் பெயரை எடுத்தால் தேவனுடைய மகிமை குறைந்துவிடும் என்று நமக்குள் ஒரு பயம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். நானும் அந்த ராகத்திலேயே பேசினேன். "சுற்றி அத்தனை பேர் இருந்தும் ஒரு மனுஷரும் உதவவில்லை. கர்த்தருடைய கை மட்டுமே என்னைத் தூக்கி எடுத்தது" என்றேன். சபை அல்லேலூயா சொன்னது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால், கடைசிப் பாயில் அவர் இல்லை.

அதன்பிறகு அவர் கம்பெனிக்கு வரவில்லை. அந்தக் கைக்கு இனிமேல் துணி பிடிபடாது என்றார்கள். அவர் வீட்டுக்குப் போக எனக்கு முகம் இல்லை. ஒரு மாதம் தயங்கிவிட்டுப் போனேன். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஏழு வருடம். என் முடி பழையபடி வளர்ந்தது. காலையில் சடை பின்னும்போது கத்தரிச் சத்தம் காதுக்குள் கேட்கும். ஜெபத்தில் "ஸ்தோத்திரம்" என்று தொடங்கினாலே கட்டுப் போட்ட கை கண்முன் வந்துவிடும். அது என்னிடம் எதுவும் கேட்காது. சும்மா மடியில் கிடக்கும். கண்ணை மூடவே பயந்தேன். "அவரை ஒரு தடவை காட்டும் ஆண்டவரே" என்று தனியாக அழுவேன். பதிலே இல்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. பொய்யை மைக் பிடித்துச் சொன்னேன். மன்னிப்பை மட்டும் யாருக்கும் தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடம் சபையில் அறுப்பின் பண்டிகையன்று எழுந்து நின்றேன். "எனக்கு உதவி செய்ய ஆள் இருந்தது. அவர் பெயர் சரசு. இரண்டு விரலைக் கொடுத்து என்னைக் காப்பாற்றினார். அவர் முன்னாலேயே நான் பொய் சொன்னேன்" என்றேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. அப்போது பல்லடத்திலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா எழுந்தார்.

"ஏனுங்க, இடது கையில மூணு வெரலு இருக்கற சரசுங்களா? எங்க வீதியிலதானுங்க தறிக்கு நூல் சுத்திக்கிட்டு இருக்கறாங்க."

ஏழு வருடத்து ஜெபத்துக்கு ஒரே நிமிடத்தில் பதில். அன்று மத்தியானமே பஸ் ஏறினேன்.

சரசக்கா முதலில் என் தலையைத்தான் பார்த்தார். "முடி நல்லா வளந்துருச்சே கண்ணு" என்றார். நான் காலில் விழுந்து அழுதேன். அவர் உடனே தூக்கவில்லை. கொஞ்ச நேரம் அழவிட்டார்.

"வெரலு போனதக்கூட மறந்துட்டேன் கண்ணு. நீ அன்னிக்குப் பேசுனதக் கேட்டு, நா அங்க இருந்தனா இல்லையான்னு எனக்கே சந்தேகமாப் போச்சு. உங்க சாமிகிட்ட எம்பேரச் சொல்லியிருக்கறயா?"

"தெனமும் சொல்றனுங்க்கா."

"எங்க, எனக்குக் கேக்கறாப்பல ஒருக்காச் சொல்லு."

அந்த மூன்று விரல் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் கூப்பிட்டபோது நீர் சரசக்காவை அனுப்பினீர். சரசக்காவுக்காக உமக்கு ஸ்தோத்திரம்." அவர் ஆமென் சொல்லவில்லை. கையை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

கத்தரிச் சத்தம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. அதை எடுத்துப்போடும் என்று இப்போது நான் கேட்பதும் இல்லை. அந்தச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் சரசக்காவின் பெயரைச் சொல்லி நன்றி செலுத்துகிறேன். பிரியமானவர்களே, வரும் ஞாயிறு நீங்கள் நன்றி சொல்ல எழுந்தால், ஆண்டவர் உங்களிடம் அனுப்பிய ஆளின் பெயரையும் தைரியமாகச் சொல்லுங்கள். தேவனுடைய மகிமை அதனால் ஒரு துளியும் குறையாது, நம்பிச் சொல்லுங்கள். அந்த ஆள் கடைசிப் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம்.