இளைய ராணிக்குப் பதில் உட்கார்ந்தவள்

பெய்ஜிங் அரண்மனையில், இளைய ராணியின் உடை அறையில், யின்லானும் நானும் வேலை பார்த்தோம். அவள் என்னைவிட நான்கு வயது மூத்தவள்.

ராணியைப் படமெழுத உத்தரவு வந்ததும் ஓவியர் மெங் முதலில் உடையைத்தான் தீட்டத் தொடங்கினார். அசையாமல் உட்காருவது ராணிக்கு ஆகாத காரியம். அதனால் டிராகன் பின்னிய பட்டும், மூன்று சரம் மணியும், கழுத்தை அழுத்தும் முத்துத் தொப்பியும் யின்லான் மேல் ஏறின. பதினோரு நாள் உட்கார்ந்தாள்.

"மூச்சு விடு பொண்ணே, தோளைத் தூக்காம விடு," என்பார் மெங்.

ராணி திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பாள். "ஜம்முனு உக்காந்திருக்கியேடி! நான் வந்து கும்பிடவா?"

"சிரிக்க வைக்காதீங்கம்மா, தொப்பி விழுந்துடும்!"

அப்படி ஒரு வசந்தம் அதற்குப் பிறகு எங்களுக்கு வாய்க்கவில்லை.

முகத்துக்காக ராணி ஒரே ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தாள். அடுத்த மாதமே அம்மை கண்டு இறந்துபோனாள். வயது இருபத்திரண்டு.

இனி மாட்டிக் கும்பிட வேண்டிய அந்தப் படத்தை மெங் முடித்ததும் ராணியின் தாயாரை வரவழைத்துக் காட்டினார்கள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"உடை அவளுது. முகம் யாருது?"

மெங் தலை குனிந்தார். பணிப்பெண்கள் வாய் திறக்கக் கூடாத இடம் அது. யின்லான் மண்டியிட்டாள்.

"ராணியம்மா அசையாம இருக்கணும்னா சிரிப்பை அடக்குவாங்க. அப்ப இடது பக்கம் மட்டும் கீழுதடு உள்ள போயிடும்."

"கும்பிடுற படத்துல சிரிப்பா?" உடன் நின்ற அரண்மனை அதிகாரி சீறினார்.

"சிரிப்பு இல்லீங்க. அடக்கிக்கிறதுதான்."

"அவ சொல்றபடி போடுங்க," என்றார் தாயார்.

மெங் மெல்லிய தூரிகையால் உதட்டோரம் ஒரே ஒரு கோட்டை மாற்றினார். தாயார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "சின்னதுலேர்ந்து இப்படித்தான்," என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

இருபத்தைந்து வயதில் யின்லானை வழக்கப்படி வெளியே அனுப்பினார்கள். சேணம் தைப்பவர் ஒருவரை மணந்தாள். அந்தப் படத்தை அவள் திரும்பப் பார்க்க வழியில்லை. ஆனால் புத்தாண்டில் அதை மாட்டிக் கும்பிடுவார்கள். அது முடிந்து, எங்களைப் பார்க்க உறவினர்களை அனுமதிக்கும் நாளில், எள் ரொட்டியோடு பின்வாசலுக்கு வந்துவிடுவாள்.

"இந்த வருஷமும் மாட்டினாங்களா?"

"மாட்டினாங்கக்கா. நிறம் கொஞ்சமும் மங்கல."

"முழுசா சொல்லுடி. எங்க மாட்டினாங்க, யாரு யாரு வந்தாங்க?"

நான் சொல்லச் சொல்ல, வாசல் கம்பிக் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். "போறேன்டி, வீட்டுக்காரர் கழுதையோட பனியில நிக்கிறார். ரெண்டுல எது முதல்ல கத்தும்னு தெரியல."