அய்யாக்கண்ணு தண்ணீர் கட்டிய வயல்

உயிரோடு இருந்த காலத்தில் அய்யாக்கண்ணுவை எங்கள் ஊரில் யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டி ஆற்றுத் தண்ணீர் பாயும் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், நிலத்தை மிராசுதார் துரைராசுவிடம் குத்தகைக்கு எடுத்து, மனைவி நீலாம்பாளோடு பயிர் வைத்து வந்தார். திருவிழாவில் கூட்டத்தின் கடைசியில் நிற்பார். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டால் சிரித்து மழுப்புவார். வரப்பில் மட்டும் ஒரு நண்டு வளையை விட்டுவைக்க மாட்டார். சேற்றை உருட்டி அடைத்து, குதிகாலால் மிதித்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

அந்த வயலால்தான் செத்தார். சென்னையில் ஆட்சி மாறி, உழுகிற குத்தகைக்காரரின் பெயரைச் சர்க்காரில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பதிந்துவிட்டால் அவரை யாரும் வெளியேற்ற முடியாது. அதனால் மிராசுதார்கள் முந்திக்கொண்டார்கள். சிலரை மிரட்டினார்கள், சிலரை அடித்தார்கள். அய்யாக்கண்ணுவுக்கு வாய்க்காலை மறித்தார்கள். ஆடி மாதத்தில் ஒரு நாள் அடைப்பை வெட்டிவிடப் போனவரை வாய்க்காலில் குப்புறக் கிடக்கக் கண்டெடுத்தார்கள். பின்மண்டை பிளந்திருந்தது. வழுக்கி விழுந்தார் என்று எழுதி முடித்தார்கள். குப்புற விழுகிறவனுக்குப் பின்மண்டை எப்படிப் பிளக்கும் என்று கேட்க எங்கள் ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அவர் வயலுக்கு வந்துவிட்டார்.

முதலில் பார்த்தவர் பக்கத்து வயல்காரர் நாகரத்தினம். விடிந்தும் விடியாத நேரத்தில், அய்யாக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியால் மடையைத் திறந்துகொண்டிருந்தாராம். நாகரத்தினம் வீட்டுக்கு ஓடிக் காய்ச்சலில் படுத்தார். ஆனால் கொஞ்ச நாளில் ஊரே பார்த்துவிட்டது. அவர் யாரையும் பயமுறுத்தவில்லை. பேசவுமில்லை, நிமிரவுமில்லை. தண்ணீர் கட்டினார், வளை அடைத்தார், பொழுது சாய்ந்தால் காணாமல் போனார். பேய் என்றால் பயப்படலாம். வேலை செய்கிற மனிதரைப் பார்த்து எத்தனை நாள் பயப்படுவது? பழகிவிட்டது.

நீலாம்பாள் முதல் நாள் வரப்பில் உட்கார்ந்து கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. அழுது முடித்துச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். உழவுக்கு மாடு கேட்டு அலைந்ததும், நாற்றுப் பறித்ததும், களை எடுத்ததும் அவள்தான். அவர் தண்ணீர் மட்டும் பார்த்துக்கொண்டார். ஒருவருக்கொருவர் பேசாமல் வேலை செய்வது அவர்களுக்குப் புதிதும் இல்லை.

அந்தச் சமயத்தில் விவசாயச் சங்கத்திலிருந்து கலியபெருமாள் வந்தார். நாகப்பட்டினத்துக்காரர், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். கணவன் இறந்தால் பயிர் வைக்கிற மனைவிக்கு உரிமை உண்டு என்று அவளுக்கு விளக்கி, அவள் பெயரைப் பதியக் கேட்டு ஒரு மனுவும் கொடுக்கவைத்தார்; மற்ற விவரமெல்லாம் விசாரணையில் வாயால் சொல்ல வேண்டியது. அதிகாரி விசாரணைக்கு வருவார், ஊராரையும் கேட்பார், ‘என் வீட்டுக்காரர் செத்துவிட்டார், நான் பயிர் வைக்கிறேன்’ என்று சொன்னால் போதும், வயல் உனக்குத்தான் என்றார். இல்லாவிட்டால் அவளுக்குக் கூலி வேலைதான் கதி. நீலாம்பாள் சரியென்று தலையாட்டினாள். அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

துரைராசு லேசுப்பட்ட ஆள் இல்லை. சாவடியில் வைத்து விசாரித்தால் என்ன தெரியும், நிலத்தைப் பார்த்தே விசாரிக்கலாமே என்று அதிகாரியிடம் நல்ல பிள்ளையாகச் சொல்லி, கார்த்திகையில் வரவழைத்தார். அப்போது சம்பா சூல் கட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் சூல் கட்டிய பயிரைப் பிள்ளைத்தாய்ச்சியாகத்தான் பார்ப்போம். அதன் முன்னால் நின்று சாவுச் சேதி சொன்னால் கதிர் பால் பிடிக்காது, பதராகப் போகும் என்பார்கள். அந்த நாட்களில் யாராவது செத்தால்கூட வயலில் இருப்பவரைக் கரைக்குக் கூப்பிட்டு, ரோட்டுக்குக் கூட்டிப்போய்த்தான் சொல்வது. துரைராசுவுக்கு இது தெரியும். கடற்கரையில் பிறந்த கலியபெருமாளுக்குத் தெரியாது.

அதிகாரி வரப்பில் குடையோடு நின்றார். இந்த நிலத்தில் யார் பயிர் வைக்கிறது என்று நாகரத்தினத்தைக் கேட்டார். நாகரத்தினம் பயிரைப் பார்த்தார். அவருடைய பயிரும் அடுத்த வரப்பிலேயே சூலோடு நின்றது.

"அய்யாக்கண்ணுங்க."

"அதோ மண்வெட்டியோட நிக்கிறவரா?"

"அவருதாங்க."

வந்த அதிகாரிக்கும் அவர் தெரிந்தார். அடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். கலியபெருமாள் பதறிப்போனார். அவர் வாய் திறக்கும் முன்பே ஊரார் அவர் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார்கள். கடைசியாக நீலாம்பாளைக் கேட்டார்கள். சொல்லுங்கக்கா, சொல்லுங்க என்று பின்னாலிருந்து கலியபெருமாள் கெஞ்சினார்.

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அய்யாக்கண்ணு நிமிர்ந்தார். செத்த பிறகு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். நடுவில் அவள் கையால் நட்ட பயிர், தண்டு புடைத்து நின்றது. ஊர்ப் பயிர் முழுக்கப் பதராகிப்போனால் அந்தப் பழியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? இத்தனை நாள் சொல்லிப் பார்த்த வார்த்தையை விட்டுவிட்டு மடைப் பக்கம் கை காட்டினாள்.

"அவங்கதான் தண்ணி கட்டுறாங்க" என்றாள்.

எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அவள்மேல் கோபமில்லை. பயிருக்குக்கூட நோகக்கூடாது என்று பயந்த ஊர், ஒரு பொம்பளைக்கு நோகுமே என்று நினைக்கவில்லை. நாலு பேர் அவளைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து அதிகாரியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவருடைய ஜீப் புறப்படும்வரை யாருக்கும் அது தோன்றவில்லை.

அடுத்த மாதம் தஞ்சாவூரில் துரைராசு, அய்யாக்கண்ணு ஆடியிலேயே இறந்துபோனதை நிரூபித்தார். அப்படியானால் வயலில் நான் பார்த்தது யார் என்று அதிகாரிக்குக் குழப்பம். மிராசுதாரின் காரியக்காரர் சிங்காரவேலு முன்னால் வந்து, அது எங்கள் பண்ணை ஆள், தண்ணீர் கட்டுவதற்கு நாங்கள் வைத்திருக்கிறோம் என்றார். அதிகாரிக்கு உயிர் வந்தது. கண்ணால் பார்த்த ஆளுக்கு ஒரு கணக்குக் கிடைத்துவிட்டது. பெண்டாட்டியே, தான் பயிர் வைப்பதாக வயலில் சொல்லவில்லை; இப்போது மாற்றிச் சொல்வது செல்லாது என்றார். ஆகவே பண்ணைதான் நேரடியாகப் பயிர் வைக்கிறது என்று தீர்ப்பானது. கலியபெருமாள் மேல்முறையீடு என்று அலைந்தார். அதற்குள் வெளியூர் ஆட்களை இறக்கி, போலீஸ் காவலோடு அறுத்துவிட்டார்கள். நல்ல விளைச்சல். தூற்றினால் பதர் பறக்கவில்லை. அத்தனை நெல்லும் துரைராசுவின் களத்துக்குப் போனது.

குறுவைக்கு மேட்டூர் திறந்ததும் நீலாம்பாள் அதே வயலுக்கு நடவுக் கூலியாகப் போனாள். வேறு எங்கே போவாள்? அய்யாக்கண்ணு அவளுக்கு முன்பே வந்து மடையைத் திறந்துவிட்டிருந்தார். அவள் நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்து அவர் பக்கம் வந்தபோது நிமிர்ந்தாள்.

"இது இப்ப நம்ம வயல் இல்லங்க. வாங்க, போவலாம்."

அவர் குனிந்து ஒரு வளையை அடைத்தார். குதிகாலால் மிதித்தார். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சாயங்காலம் ரோட்டில் நெல் மூட்டையை வைத்துச் சிங்காரவேலு கூலி அளந்தார். அவர் அந்த வரப்பில் மட்டும் கால் வைப்பதே இல்லை. நீலாம்பாள் தன் கூலியை வாங்கிக் கூடையில் கொட்டிவிட்டு மறுபடி முந்தானையை விரித்தாள். உனக்குத்தான் அளந்தாகிவிட்டதே என்றார் சிங்காரவேலு. இது அவங்களுக்கு என்று வயல் பக்கம் கை காட்டினாள்.

சிங்காரவேலு அந்தப் பக்கம் திரும்பவில்லை. செத்தவனுக்கு ஏதடி கூலி என்று முனகினார்.

"பண்ணை ஆளுன்னு நீங்கதானே சொன்னீங்க. பண்ணை ஆளுக்குக் கூலி கிடையாதா?"

சிங்காரவேலு மூட்டையை இறுக்கிக் கட்டினார். நாளையிலிருந்து நீ வரவேண்டாம் என்றார்.

மறுநாள் நடவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. விடிகிற நேரத்தில் அய்யாக்கண்ணு துரைராசுவின் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.